லேடெக்ஸ் உடை, பி.வி.சி. உடை: சொல் தேவை (அவசரம்)

மடல் 1
நண்பர்களே, உடை வாங்குவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். லேடெக்ஸ் இரப்பர் மரத்துப் பாலில் கிடைப்பது; பன்மடங்கு இழுபடும்; எண்ணெய் பட்டால் கெடும்; செம்பு பட்டால் கறை பிடிக்கும். பி.வி.சி. உடை பெரும்பாலும் துணிமேல் பூசிய பிளாஸ்டிக். அவ்வளவாக இழுபடாது, பேணுவது எளிது. இரண்டையும் 'ரப்பர் உடை' என்று எழுதிவிட்டால் லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர் எதை வாங்குவார்?

மறுமொழி
மரப்பாலில் செய்த ஆடை, பாலாடை. முடிந்தது.

மறுமொழி
புலவர் ஐயா, பாலாடை காய்ச்சிய பாலின்மேல் படிவதல்லவா? குழந்தைக்குப் பால் புகட்டும் சங்குக்கும் அதே பெயர்.

மறுமொழி
அதுதான் அம்மா அழகு! பாலின்மேல் படியும் ஏட்டை முன்னோர் ஆடை என்றே சொல்லிவிட்டார்கள். லேடெக்ஸ் கையுறையும் அச்சை மரப்பாலில் தோய்த்தெடுக்கப் படியும் ஏடுதான். உவமையாக இருந்ததை இப்போது உடுத்துகிறோம். மேலும் பால் என்பது 'பகு' என்னும் வேரினது; மரத்திலிருந்து பகுத்தெடுப்பதால்...

மறுமொழி
பகுவில் பிறந்தது ஐம்பாலின் பால், ஐயா. கறக்கிற பாலை அதில் கலக்காதீர்கள். பி.வி.சி.க்கு 'நெகிழி உடை' போதும்.

மறுமொழி
நெகிழ்வது லேடெக்ஸ்தானே! பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. 1926-இல் வால்டோ செமன் என்ற அமெரிக்க வேதியியலர் அதை மென்மையாக்கும் வழி கண்டார். அந்த மென்மையாக்கி காலப்போக்கில் கசிந்து போனால் மறுபடி விறைத்து வெடிக்கும். போதாதற்கு, சங்கத் தலைவி வளை நெகிழ்ந்தது என்றால் கழன்றது என்று பொருள். நெகிழி உடையை யார் துணிந்து அணிவது?

மறுமொழி
லகரம் மொழிமுதல் வாராது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. 'இலேட்டெக்சு' என்க.

மறுமொழி
என்க, என்க. உறையில் அச்சிட்ட பெயரோடு வாங்குபவர் அதை எப்படிப் பொருத்திப் பார்ப்பார்?

மடல் 1 எழுதியவர்
கையேடு போய்விட்டது. 'மரப்பால் (லேடெக்ஸ்) உடை', 'பி.வி.சி. உடை' என்று எழுதினேன். நால்வர் தனிமடலில் சரி என்றார்கள். இருவர் தூக்கம் வருகிறது என்றார்கள். பாலுடை என்று சேர்த்தால் 'பாலை உடைய' என்றாகிவிடும் என்பதால் இடைவெளி விட்டிருக்கிறேன்.

மறுமொழி
இடைவெளி விட்டால் புணர்ச்சி நின்றுவிடுமா? வாய் சேர்த்துத்தான் படிக்கும். பாலாடையை நான் கைவிடவில்லை.