ஒரே சுரத்தில் பாடும் பையனை என்ன செய்வது?

ஈராசிரியர்:
வணக்கம். எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டே ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு, மொத்தம் 19 பிள்ளைகள். பாட்டு டீச்சர் கிடையாது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து தினமும் பாட்டு உண்டு. பெரும்பாலும் நானே பாடுவேன், தொண்டை கட்டினால் புளூடூத் ஸ்பீக்கர்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். எந்தப் பாட்டானாலும் அடித்தொண்டையில் ஒரே சுரம், அதுவும் எல்லாரையும்விடச் சத்தமாக. பக்கத்தில் நிற்பவர்களையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறான். ஆண்டு விழா வருகிறது. "அவனை வாயை மட்டும் அசைக்கச் சொல்லுங்க சார்" என்கிறார் கூட வேலை பார்க்கும் டீச்சர். எனக்கு மனசு வரவில்லை. நான்காம் வகுப்பில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். அதற்கப்புறம் நான் வாய் திறந்து பாடியது வேலைக்கு வந்த பிறகுதான்.

இவன் குரல் சரியாகுமா? சங்கீதம் படிக்காத நான் ச ரி க ம என்று தொடங்கும் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கலாமா? கைக்காசு போட்டு கீபோர்டு வாங்கலாமா?

ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர்:
தம்பி, பையனை விடுங்கள், முதலில் உங்கள் குரலைப் பார்ப்போம். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை சுருதியை (கீபோர்டில் C) ஒட்டித்தான் பாடுவார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைக்குச் சிரமமில்லாமல் வருவது கீபோர்டின் நடு ஸ்தாயியில் (ச-விலிருந்து மேல் ச வரை ஒரு ஸ்தாயி) ஏறக்குறைய இரண்டு கட்டையிலிருந்து (D) ஆறு கட்டை (A) வரை. நீங்கள் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே நிற்கிறீர்கள். நிறையப் பிள்ளைகள் தாங்களாகவே மேலே எடுத்துக்கொள்ளும். சிலது சார் மாதிரியே பாடவேண்டும் என்று தொண்டையை அழுத்திக்கொண்டு கீழே போகும். உங்கள் பையன் உங்களைத்தான் விசுவாசமாகப் பாடுகிறான் என்று நினைக்கிறேன்!

மூன்றாம் வகுப்பில் நன்றாகப் பாடும் பெண் யாராவது இருந்தால் அவளை முதலில் பாடவிடுங்கள். அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் சத்தம் போடச் சொல்லுங்கள், கீழேயிருந்து மேலே. தன் குரல் மேலே போகும் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. அப்புறம் அவன் எந்தச் சுரத்தில் நிற்கிறானோ அதைத் தம்புராவில் வைத்து, நீங்களும் அதையே பிடித்து, "இப்ப ரெண்டு பேரும் சேர்ந்துட்டோம், கேக்குதா?" என்று கேளுங்கள். சுருதி சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று காது ஒருமுறை அறிந்துவிட வேண்டும். அடுத்த நாள் அங்கிருந்து ஒரு படி மேலே.

சரளி வரிசைக்கு அவசரமில்லை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லும் வரிசை அது, மாயாமாளவகௌளை ராகத்தில். அதில் ச-வும் ரி-யும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், சின்னக் காதுக்கு நெருக்கடி. (வருஷக்கணக்காக அதையே சொல்லிக்கொடுத்தவள்தான் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.) தெருமுனையில் நின்று "செல்வீ..." என்று கூப்பிடும்போது குரல் மேலே தொடங்கி இறங்குகிறதே, அது பல சமயம் ப-க தான். ஹங்கேரியில் கோடாய் என்ற இசையமைப்பாளரின் வழியில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இறக்கத்திலிருந்துதான் தொடங்குவார்கள். வருகைப் பதிவை அப்படிப் பாடிக் கூப்பிடுங்கள். "உள்ளேன் ஐயா"வும் அதே சுரத்தில் வரட்டும்.

கீபோர்டு வேண்டாம். போனில் தம்புரா ஆப் போதும்.

பறைக்காரன்:
சார், ஆண்டு விழாவுக்குள் குரல் சரியாகாவிட்டாலும் அவனை ஓரமாக நிறுத்தாதீர்கள், தாளத்தைக் கையில் கொடுங்கள். நான் பறை சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு முதலில் தகிட, தகதிமி என்று சொற்கட்டே சொல்வதில்லை, பெயரைத்தான் தட்டச் சொல்வேன். கவிதா என்றால் தகிட. சரவணன், தகதிமி. தமிழரசி, தகதகிட. கவிதாவையும் சரவணனையும் பக்கத்தில் நிறுத்தினால் மிஸ்ரம், ஏழு! தொடையில் தட்டினால் போதும். மேடைக்கு வேண்டுமானால் தண்ணீர் பாட்டிலில் புளியங்கொட்டை போட்டு மூடியை இறுக்கி ஒட்டிவிடுங்கள். ஒன்றாம் வகுப்பு திறந்து வாயில் போட்டுக்கொள்ளும், அனுபவம்.

சாக்பீஸ்:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, பதிவேடும் எழுதிக்கொண்டு, ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு எங்கே நேரம்?

ஈராசிரியர்:
சாக்பீஸ், வருகைப் பதிவு எப்படியும் எடுக்கத்தானே வேண்டும்? அதைத்தான் பாடுகிறோம், கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகிறது. ஆம்புலன்ஸ் மதிய உணவு வரிசையில். இப்போது 19 பேரும் ஆம்புலன்ஸ்தான், சத்துணவு அக்கா என்னை முறைக்கிறார்.

டீச்சர், நீங்கள் சொன்னது சரி. அந்தப் பெண் பாடியபோது முதல் நாளே பாதிப் பேர் மேலே ஏறிவிட்டார்கள். அவன் ஏறவில்லை. அவன் சுரத்தை நான் பிடித்த அன்று பாட்டை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், உங்க சத்தம் காணோம்" என்றான். எட்டாவது நாள் "உள்ளேன் ஐயா" ப-விலிருந்து இறங்கி வந்தது. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன், வரவில்லை. விட்டுவிட்டேன்.

விழாவில் புளியங்கொட்டை பாட்டில் அவன் கையில்தான், பாட்டும் உண்டு. டீச்சர், அவனை முன்வரிசையில் நிறுத்தலாமா, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிறுத்தலாமா?

ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர்:
பக்கத்தில். அவள் குரல் அவன் காதில் விழவேண்டும்.