பொன்விரும்பலா, பொற்பற்றா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். தங்க அணுக்கள் ஒன்றையொன்று நெருங்கிப் பிடித்துக்கொள்ளும் தன்மைக்கு ஆங்கிலத்தில் ஆரோஃபிலிசிட்டி (aurophilicity) என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று ஒரு வாரமாக நம் கலைச்சொல் குழுமத்தில் பேச்சு ஓடுகிறது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வருடமாகக் காத்திருந்தவன் நான். தங்கச் சேர்மங்களைப் படிகமாக வளர்ப்பது, எக்ஸ் கதிரில் வைத்து அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்ப்பது, அப்புறம் புறஊதா விளக்கின் கீழ் அவை என்ன நிறத்தில் ஒளிர்கின்றன என்று பார்ப்பது. புதுச்சேரியில் என் வேலைக்காலம் முழுவதும் இதிலேயே போனது. இப்போது ஓய்வில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில், நண்பர் ஒருவர் இங்கே எழுதியிருந்தது:

> ஹைட்ரோஃபிலிக்குக்கு நீர்விரும்பும் என்று பாடநூலிலேயே இருக்கிறது. அதே வழியில் பொன்விரும்பல் என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஐயா, முடியாது. நீர்விரும்பும் மூலக்கூறு என்றால் நீர் அல்லாத இன்னொன்று நீரை விரும்புகிறது என்று பொருள். அதே கணக்கில் பொன்விரும்பல் என்றால் தங்கம் அல்லாத ஏதோ ஒன்று தங்கத்தை நாடுகிறது என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அது கந்தகம். தங்கத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்வதில் கந்தகச் சேர்மங்கள் பேர்போனவை. ஆங்கிலச் சொல்லைக் கேட்டே என் மாணவர் ஒருவர் தேர்வில் கந்தகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவைத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொல் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. தமிழில் புதிதாக வைக்கும்போது அந்தக் குழியை நாமும் ஏன் வெட்ட வேண்டும்?

நாம் பெயர் தேடுவது தங்கத்துக்கும் தங்கத்துக்கும் நடுவில் நடப்பதற்கு. ஒரு எலக்ட்ரானை இழந்த இரண்டு தங்க அணுக்கள். இரண்டும் நேர்மின்னூட்டம் கொண்டவை, வெளிக்கூடும் நிறைந்துவிட்டது. பள்ளிப் பாடத்தின்படி இவை ஒன்றையொன்று தள்ள வேண்டும். ஆனால் படிகத்தில் பார்த்தால் 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் 3.3 ஆங்ஸ்ட்ராம் வரை விலகி இருக்க வேண்டும். தங்கக் கட்டியிலேயே பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு நடுவே 2.88 இருக்கிறது, இந்த 3 அதைவிடக் கொஞ்சம்தான் கூட. இந்தப் பிடிப்பின் வலு மோலுக்கு 30 முதல் 50 கிலோஜூல், அதாவது ஒரு நல்ல ஹைட்ரஜன் பிணைப்பின் அளவு.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தங்கத்தின் கருவில் 79 புரோட்டான்கள். உள்கூட்டு எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் போகிறது. இவ்வளவு வேகத்தில் வரும் சார்பியல் விளைவால், வெளியே இருக்கும் எஸ் (s) எனப்படும் எலக்ட்ரான் கூடும் சுருங்குகிறது. தங்கம் மஞ்சளாக இருப்பதும் இதனால்தான். இந்தச் சுருக்கமும், நிறைந்த கூடுகளுக்கு இடையே எப்போதும் இருக்கும் மெல்லிய கவர்ச்சியும் சேர்ந்துதான் அந்தப் பிடிப்பு.

மியூனிக்கில் ஹூபர்ட் ஷ்மிட்பவரின் குழு 1988-இல் ஒரு சேர்மம் செய்தது. நடுவில் ஒரு கார்பன், அதைச் சுற்றி ஆறு தங்கம். கார்பனுக்கு நான்கு கைதான் என்று சொல்லிக்கொடுத்தே பழகிய எனக்கு அந்தப் படத்தைப் பார்த்த அன்று தூக்கம் வரவில்லை. ஆறு தங்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கார்பனைச் சுற்றிக் கூடு கட்டியிருந்தன. ஆரோஃபிலிசிட்டி என்ற பெயரும் ஷ்மிட்பவர் கொடுத்ததே.

சரி, ஈர்ப்பு என்கிறார் இன்னொரு நண்பர். பொன்னீர்ப்பு காதுக்கு இனிமைதான். ஆனால் ஈர்ப்பு என்றதும் பூமியும் காந்தமும் முன்னால் வந்து நிற்கின்றன. தூரத்தில் இருந்து இழுப்பது ஈர்ப்பு. இங்கே கிட்டே வந்த பிறகு விடாமல் இருப்பதுதான் செய்தி. பொற்பிணைப்பு என்றால், தங்கம் கார்பனோடோ பாஸ்பரஸோடோ போடும் சாதாரணப் பிணைப்போடு குழம்பிவிடும். அதனால் அதுவும் வேண்டாம்.

நான் முன்வைப்பது பொற்பற்று.

இந்தச் சொல் எனக்கு அகராதியிலிருந்து வரவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் ஒரு பத்தர் பட்டறை இருந்தது. பள்ளி விட்டு வந்தால் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். அறுந்த சங்கிலியின் இரண்டு முனைகளையும் பத்தர் தாத்தா இடுக்கியால் நெருக்கி வைப்பார். வெண்காரம் தடவி, மேலே பற்றாசுப் பொடி வைத்து, குழலால் ஊதுவார். பொடி சட்டென்று பளபளத்து இரண்டு முனைக்கும் நடுவில் ஓடும். உடனே ஊதுவதை நிறுத்திவிட்டு, "பத்திக்கிச்சு" என்பார். அந்த ஒரு சொல்தான். பற்றவைப்பது, பற்றாசு, பற்று எல்லாமே அந்த வேரில் முளைத்தவை. தங்கம் தங்கத்தைப் பிடிப்பதற்குத் தங்க வேலை செய்தவர்கள் வாயிலேயே ஒரு வினைச்சொல் இருக்கும்போது நாம் ஏன் ஃபிலி என்ற கிரேக்கத்து விருப்பத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்க வேண்டும்? பட்டறையில் பற்றுவதற்கு நடுவே பொடி வேண்டும், படிகத்தில் வேண்டாம், அந்த வித்தியாசம் உண்டு. அதை வரையறையில் ஒரு வரி எழுதினால் போதும்.

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம். பற்று என்றால் வங்கிக் கணக்கில் பற்று வரவு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அடி என்ற சொல் பாதத்தையும் அளவையும் அடிப்பதையும் குறிக்கிறது, யாரும் தடுமாறுவதில்லை. பொற்பற்று என்றால் தங்கத்தின் மேல் பேராசை என்று ஆகாதா என்று கேட்டவருக்கு: அதற்குப் பொன்னாசை என்று தமிழில் எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது. அந்த இடம் நிரம்பியிருப்பதால்தான் இது நமக்குக் காலியாகக் கிடைக்கிறது.

கடலூரில் பிளஸ் டூ வேதியியல் எடுக்கும் அம்மா சொன்னதுதான் எனக்கு உறைத்தது. ஐம்பொன் என்னும்போது பொன் என்பது பொதுவாக உலோகம், ஆகவே தங்கப்பற்று என்றே வைக்கலாமே என்கிறார். நியாயம் இருக்கிறது. இரண்டு நாள் யோசித்தேன். பொற்காசு, பொற்கொல்லர், பொற்கிழி எல்லாவற்றிலும் இன்றைக்கு நாம் தங்கத்தைத்தான் பார்க்கிறோம். ஐம்பொன் தனியாக நிற்கிறது. வெள்ளிக்கு வெள்ளிப்பற்று, செம்புக்குச் செம்புப்பற்று, பொதுவாகச் சொல்ல உலோகப்பற்று என்று வரிசை போட்டுவிட்டால் பொன்னை உலோகமாகப் படிக்க வழியே இருக்காது. பொற்பற்றுத் தொலைவு, பொற்பற்றுச் சங்கிலி என்று மேலே மேலே சொல் கட்டவும் இது வளைந்துகொடுக்கும். ஆனாலும் வகுப்பில் தங்கப்பற்றுதான் நிற்கும் என்று அவர் சொன்னால் நான் சண்டை போட மாட்டேன். எனக்குப் பற்றுதான் முக்கியம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் பற்று இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2008-இல் ஜப்பானில் ஹஜிமே இட்டோ குழு ஒரு தங்கச் சேர்மத்தைப் பற்றி எழுதியது. புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். கல்வத்தில் அரைத்தால் மஞ்சளாக ஒளிரும். ஒரு துளி கரைப்பான் விட்டால் திரும்ப நீலம். அரைக்கும்போது மூலக்கூறுகள் நகர்ந்து, புதிதாகத் தங்கம் தங்கத்தைப் பற்றிக்கொள்கிறது, அதனால் நிறம் மாறுகிறது. படித்த கையோடு நாங்களும் எங்களிடம் இருந்ததையெல்லாம் அரைத்தோம். பெரும்பாலானவை அசையவில்லை. ஒன்று மட்டும் மாறியது. அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, குழவி போன இடமெல்லாம் பச்சை ஒளி மங்கி ஆரஞ்சாவதைப் பார்த்தோம். அதன் படிகத்தை வளர்க்க அதற்கு முன் எட்டு மாதம் பிடித்திருந்தது. படிகம் வளர்வதற்காகக் கரைசலில் ஈதர் மெல்லக் கலக்கும் குப்பிகளைக் கடல் ஈரக்காற்றிலிருந்து காப்பாற்றுவதே பெரும் பாடு. தாய்க்கரைசலை, அதாவது அது வளர்ந்த கரைசலை, விட்டு வெளியே எடுத்த நிமிடமே கரைப்பான் பறந்து, படிகம் வெடித்து, சுண்ணாம்புப் பொடி மாதிரி ஆகிவிடும். கடைசியில் எண்ணெயில் முக்கி எடுத்து, குளிர் நைட்ரஜன் ஓட்டத்தில் வைத்துத்தான் தரவு எடுத்தோம். அரைத்து நிறம் மாறுவதற்கும் இங்கே ஒருவர் அரைநிறமாற்றம் என்று முன்மொழிந்திருந்தார். அரை என்பதைப் பாதி என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். அதைத் தனி இழையில் பேசுவோம்.

கிரிஸ்டலுக்குப் படிகமா பளிங்கா என்று இங்கே கேட்டவருக்கு ஒரே வரி. பளிங்கு அழகான சொல், ஆனால் இன்று எல்லோருக்கும் அது தரையில் போடும் கல். படிகமே இருக்கட்டும்.

இன்னொன்று நம் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்காக. சிதம்பரம் கவரிங் தெரியாதவர் உண்டா? தங்க முலாம் பூசுவதற்குப் பொட்டாசியம் தங்க சயனைடு என்ற உப்பைப் பயன்படுத்தும் முறை உண்டு. கொடிய நஞ்சு. நீரில் அதன் அடர்த்தி ஏற ஏற, தங்க அயனிகள் இரண்டாக, மூன்றாக ஒன்றையொன்று பற்றிக்கொண்டு புறஊதா விளக்கில் ஒளிர ஆரம்பிக்கும். முலாம் தொட்டியில் இருக்கும் அதே உப்பிலும் நாம் பெயர் தேடும் இந்தப் பற்று இருக்கிறது.

கடலூர் அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஆறு தங்கப் படத்தைத் தனியே அனுப்பியிருக்கிறேன். எந்தப் பெயரும் சொல்லாமல் உங்கள் வகுப்பில் காட்டுங்கள். "இந்தத் தங்கமெல்லாம் என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் எந்த வினைச்சொல்லை எடுக்கிறார்கள் என்று அப்படியே இங்கே எழுதுங்கள். அதுவரை நம் கலைச்சொல் பட்டியலில் இந்தப் பதிவை முடிக்காமல் வைத்திருப்போம்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து