காற்றில் டிரெய்லர் ஆடுகிறது, நாளை டொர்னேடோ (சுழல்காற்று) வாய்ப்பு: அமரில்லோவிலிருந்து கிளம்பலாமா?

டாலஸ்வாசி:
வணக்கம். டாலஸிலிருந்து சான்டா ஃபே போகிறோம், குழந்தைகளும் கூட இருக்கிறார்கள். உள்ளேயே தங்கும் 24 அடி டிரெய்லர், இழுப்பது ஃபோர்டு எஃப்-150 பிக்கப். இன்று மதியம் 287-ஆம் நெடுஞ்சாலையில் சில்ட்ரஸ் ஊரைத் தாண்டியதும் இடது பக்கத்திலிருந்து பலமான காற்று. ஒரு பெரிய லாரி எங்களை முந்தியதும் டிரெய்லர் இப்படியும் அப்படியுமாக ஆடத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் அதன் பின்பக்கம் பக்கத்து லேனுக்குள் போய் வருகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மெல்ல அடங்கியது. இப்போது டெக்சஸின் அமரில்லோவில் ஓர் ஆர்வி பார்க்கில் (டிரெய்லர்களை நிறுத்தித் தங்கும் இடம்) இருக்கிறோம். நாளை மதியத்துக்கு மேல் பெரிய ஆலங்கட்டி, டொர்னேடோ வாய்ப்பு என்கிறது வானிலை அறிக்கை. ஐ-40 நெடுஞ்சாலையைப் பிடித்து நியூ மெக்சிகோவின் டுகும்காரி போகலாமா, இங்கேயே இருக்கலாமா? ஆட்டத்துக்கு என்ன காரணம்?

நெடுஞ்சாலைப்பித்தன்:
முதலில் அடங்கியதே, நல்லது. பாரம் எங்கே இருக்கிறது? தண்ணீர் டேங்க் டிரெய்லரின் சக்கர அச்சுக்கு முன்னாலா, பின்னாலா? பின்பக்கம் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா?

டாலஸ்வாசி:
பின் பம்பரில் நான்கு சைக்கிள். டேங்க் அச்சுக்குப் பின்னால், 40 கேலன், முழுக்க நிரப்பியிருக்கிறது. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு கோத்து, எடையை அச்சுகளுக்குப் பகிரும் இணைப்பு), ஆட்டத் தடுப்புக் கம்பி இரண்டும் உண்டு.

நெடுஞ்சாலைப்பித்தன்:
அப்போ காரணம் பெரும்பாலும் அதுதான். 40 கேலன் தண்ணீரே 330 பவுண்டுக்கு மேல் வரும். அதோடு சைக்கிள்களும் கடைசியில் தொங்கினால் ஹிட்ச் மேல் இறங்க வேண்டிய எடை குறைந்துவிடும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் உட்கார வேண்டும். 6,000 பவுண்டு என்றால் 600 முதல் 900. அது குறைந்தால் எந்தத் தடுப்புக் கம்பியும் முழுசாகக் காப்பாற்றாது.

தண்ணீரை இப்போதே திறந்துவிடுங்கள், சைக்கிள்களை உள்ளே, அச்சுக்கு முன்னால் கிடத்திக் கட்டுங்கள். லாரி நிறுத்தத்தில் எடைமேடை இருக்கும். ஹிட்ச் கம்பிகளைக் கழற்றிவிட்டு டிரெய்லரோடு ஒருமுறை, டிரெய்லர் இல்லாமல் ஒருமுறை வண்டியின் அச்சுகளை எடைபோட்டுப் பாருங்கள். வித்தியாசம்தான் ஹிட்ச் எடை.

மறுபடி ஆடினால் வண்டியின் பிரேக்கை மிதிக்கவே கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வண்டிக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் நெம்புகோலை விரலால் தள்ளினால் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும், பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும். வேகம் மணிக்கு 55 மைலைத் தாண்ட வேண்டாம்.

பான்ஹேண்டில் அக்கா:
தம்பி, நான் இந்தப் பக்கம்தான். மே மாதத்தில் மேற்கிலிருந்து வறண்ட காற்றும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்றும் மோதும் இடத்தில்தான் இடிமேகம் கிளம்பும், அதுவும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல். விடியும்போதே கிளம்பினால் டுகும்காரி இரண்டு மணி நேரம்தான், நியூ மெக்சிகோ கடிகாரம் வேறு ஒரு மணி பின்னால். நான் போவேன். ஆனால் காலையிலேயே பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் கிளம்பாதீர்கள். அது மணிக்கு 58 மைல் வேக வீச்சுக்குக் கொடுப்பது, உங்கள் டிரெய்லருக்கு அதில் பாதியே தொல்லை.

தங்கினால் டிரெய்லர் புகலிடம் இல்லை, அதை மனதில் வையுங்கள். அலுவலகத்தில் இன்றிரவே கேளுங்கள்: புயலுக்கு எங்கே ஒதுங்குவது? பல பார்க்குகளில் கழிப்பறைக் கட்டடம்தான் அந்த இடம். எச்சரிக்கைகளில் ஊர்ப் பெயரை விட கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) பெயர்தான் வரும். அமரில்லோ பாட்டர், ராண்டால் இரண்டிலும் கிடக்கிறது, மேற்கே போனால் ஓல்டாம். இந்த மூன்றையும் எழுதி ஒட்டிவையுங்கள். வாட்ச் என்றால் வாய்ப்பு இருக்கிறது, வார்னிங் என்றால் உடனே ஒதுங்கும் இடத்துக்கு ஓடு. குழந்தைகளின் செருப்பை அல்ல, ஷூவைப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள், உடைந்த கண்ணாடிமேல் நடக்க வேண்டிவரும்.

டாலஸ்வாசி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். தண்ணீரை விட்டாயிற்று, சைக்கிள்கள் உள்ளே வந்துவிட்டன. வழியில் மாட்டிக்கொண்டால் மேம்பாலத்தின் கீழே நிறுத்தலாமா?

பான்ஹேண்டில் அக்கா:
வேண்டவே வேண்டாம். பாலத்துக்கடியில் காற்று இன்னும் இறுகி, தூக்கிவிடும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் பாலங்களுக்கடியில் ஒதுங்கியவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த வெளியேறும் வழியில் இறங்கி, உறுதியான கட்டடம் எதுவானாலும், பெட்ரோல் பங்க்கின் உள்ளறை என்றாலும் சரி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். டிரெய்லரைக் கழற்றிக்கொண்டு நிற்காதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள்.