புதுப்பிப்பு: செல்ஃப் எடுக்காத பைக், கோளாறு பேட்டரியில் இல்லை

ஓட்டி வந்து நிறுத்தினால் மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடும் ரிலே மட்டும் ‘டக் டக்’ என்று அடிக்கிறது என்று எழுதியிருந்தேன். பாதிப் பேர் பேட்டரியை மாற்றச் சொன்னீர்கள். முழு சார்ஜ் போட்டு ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன், காலையில் 12.7 வோல்ட். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, இன்ஜினை ஓடவிட்டு 5000 ஆர்பிஎம்மில் பேட்டரியில் அளந்தால் 12.3 வோல்ட்தான். 13.5லிருந்து 14.5க்குள் வர வேண்டும். ஆக, சார்ஜே ஏறவில்லை.

பைக்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக் ஃபேரிங்கைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த கிளிப்புகளை வடிவமைத்தவர் ஒருமுறையாவது கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் காயில்தான் ஸ்டேட்டர்; அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது ரெகுலேட்டர். ஸ்டேட்டரின் மூன்று மஞ்சள் ஒயர்கள் ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் சாக்கெட்டை) பிரித்தேன். ஒரு பின் கருகி, சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி உருகிக் கிடந்தது. பின் லூஸானால் அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடும் கூடும், அப்புறம் இந்தக் கதிதான்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு ஸ்டேட்டர் பக்கத்து ஒயர்களை இரண்டிரண்டாக அளந்தேன். மூன்று ஜோடியிலும் ஒரே அளவு. இன்ஜினை அணைத்துப் பார்த்தபோது எந்த ஒயருக்கும் பாடியோடு தொடர்பும் இல்லை. ஸ்டேட்டர் தப்பித்தது.

கருகிய கப்ளரை வெட்டிவிட்டு, தடித்த பின்கள் உள்ள புதுசைக் கிரிம்ப் செய்தேன், அதாவது பின்களை ஒயரில் அழுத்திப் பொருத்தினேன். இப்போது 14.1 வோல்ட். ரெகுலேட்டரை இப்போதைக்கு மாற்றப்போவதில்லை. அடுத்த ஆயில் மாற்றும்போது கப்ளரைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.