மறு: ‘ஸ்லிங்’குக்குக் கவண் வேண்டாமே

அன்புள்ள ஐயா, வணக்கம். பாரம் தூக்கும் வேலைக்கான நம் தமிழ்க் கையேட்டில், கிரேன் கொக்கியில் பாரத்தைக் கட்டித் தூக்கும் ‘ஸ்லிங்’குக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதானே பேச்சு? நீங்கள் கேட்டிருந்தீர்கள்:

> அகராதியில் ‘கவண்’ என்று இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

தினைப்புனத்தில் கிளி விரட்டுவதாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். கவண் கல்லை வீசுகிற கருவி. சாலை வேலையில் தூக்கும் குழாய் எங்கேயும் பறந்துவிடக் கூடாது என்பதற்குத்தானே இந்தக் கையேட்டையே எழுதுகிறோம்?

‘தூக்குக்கயிறு’ என்று முன்மொழிந்தவர் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை போலும். ‘தூக்குவார்’ அழகான சொல்தான். பெல்ட்டுக்கு ‘வார்’ அப்படியே பொருந்துகிறது. ஆனால் “தூக்குவாரைச் சரிபார்” என்றால் எங்கள் மேஸ்திரி கிரேன் ஓட்டுநரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

நான் சொல்வது ‘உறி’. பண்ருட்டிப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டு உத்திரத்தில் மோர்ப்பானை தொங்கிய அதே உறி. மேலே ஒரே முடிச்சு, அதிலிருந்து இறங்கும் கால்கள், அடியில் பாரம். கிரேன் கொக்கியில் மாட்டுவதும் இதேதான். பெல்ட், சங்கிலி, கம்பிவடம் மூன்றுக்கும் பொதுப்பெயராக நிற்கும். கட்டும் வேலை உறிகட்டுதல், கட்டுபவர் உறிகட்டி.

இன்னொரு காரணமும் உண்டு. ரெட்டிச்சாவடிக்குப் பக்கத்தில் சிறுபாலத்துக் குழாய் மாற்றினோம். இரண்டு டன் குழாய். ஒவ்வொன்றும் இரண்டு டன் தாங்கும் பச்சை பெல்ட் இரண்டு. “நாலு டன் தாங்கும் சார்” என்றார்கள். பெல்ட்டுகள் குட்டை. ஹைட்ரா (சக்கரத்தில் ஓடும் சின்ன கிரேன்) தூக்கியதும் இரண்டு காலும் ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி படுத்துவிட்டன. கால்களுக்கு நடுவே 60 பாகை இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 1.15 டன் இழுவிசை. அதுவே 120 பாகையானால் ஒவ்வொன்றிலும் முழுசாக 2 டன். போதாததற்குச் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தார்கள். சுருக்கில் பெல்ட்டின் தாங்குதிறன் 80 சதவீதம்தான், அதாவது 1.6 டன். பெல்ட் அறவில்லை. இரண்டும் நடுப்பக்கமாக வழுக்கி, குழாய் ஒருபக்கம் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்தது. ஓர் அடி உயரம்தான் எழும்பியிருந்தது, பிழைத்தோம். பாட்டியின் உறியில் கால்கள் அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை.

அந்தக் கோணத்துக்கு ‘விரிகோணம்’ கூடாது. பள்ளிக் கணக்கில் அது 90 பாகைக்கு மேற்பட்டதன் பெயர், குழப்பும். ‘கவட்டுக்கோணம்’ எப்படி? கவடு என்றால் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம்.

சைகை கொடுப்பவருக்குச் ‘சைகையாளர்’ என்று எழுதியிருந்தீர்கள். தப்பில்லை. எனக்குப் பிடித்தது ரயில் பாதையில் நின்ற பழைய ‘கைகாட்டி’. அன்றைக்கு ஒருவர் “ஆரியா” (இறக்கு) என்கிறார், ஒருவர் “ஹாபிஸ்” (தூக்கு) என்கிறார், மூன்றாமவர் விசில் அடிக்கிறார். ஓட்டுநர் யார் பேச்சைக் கேட்பார்? ஒரு தூக்கலுக்கு ஒரே கைகாட்டி. ‘நிறுத்து’ மட்டும் விலக்கு. அதை யார் காட்டினாலும் ஓட்டுநர் நிறுத்தியாக வேண்டும். ஆரியாவை மாற்ற வேண்டாம் என்பேன். போர்த்துகீசியத்தில் ‘அர்ரியார்’ என்றால் இறக்கு. கப்பல்காரர்கள் வாயிலிருந்து வந்து நம்மோடு தங்கிவிட்ட சொல்.

கடலூரிலிருந்து,
உங்கள் பழைய சைட் சூப்பர்வைசர்

———

அண்ணா,

கன்னியக்கோவில் பக்கம் நடக்கிற எங்கள் வேலையில் மதியச் சாப்பாட்டின்போது கேட்டுப் பார்த்தேன். கவண் என்றதும் ஒரே சிரிப்பு. உறி எல்லாருக்கும் தெரிகிறது, ஆனால் சின்னப் பையன் ஒருவன், “அது கோகுலாஷ்டமிக்குப் பானையை உடைக்கிறதுதானே மேடம்?” என்றான். உறியடிதான் அவனுக்குத் தெரிந்த உறி! உடைவது பானை, உறி இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் முழுசாக ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

ஆகவே கையேட்டில் முதல் இடத்தில் மட்டும் ‘உறி – பெல்ட், சங்கிலி, கம்பிவடம்’ என்று சேர்த்தே போடுவோம். கைகாட்டிக்கும் கவட்டுக்கோணத்துக்கும் என் ஓட்டு உண்டு.

பாரம் காற்றில் சுழலாமல் கீழிருந்து பிடிக்கிற கயிற்றை விட்டுவிட்டீர்களே? இங்கே ‘கைடு ரோப்’ என்கிறார்கள். நான் ‘பிடிகயிறு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?