பேய்ப்பட முன்னோட்டம்: எத்தனை வினாடி அமைதி விடலாம்?

குழு உறவுகளுக்கு வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு லயன் அறையில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) நாங்கள் எடுத்த பேய்க் குறும்படத்துக்கு 60 வினாடி முன்னோட்டம் தயாரிக்கிறோம். தகரக் கூரையில் அறையும் மழைச்சத்தம் சட்டென நின்றுபோக, இஸ்தோப்புக் (முன் திண்ணை) கதவின் தாழ்ப்பாள் மட்டும் மெல்ல அசைவதோடு அதை முடிக்க எண்ணியுள்ளோம். பேயின் முகத்தை இப்போதே காட்டிவிட்டால் படம் பார்க்க ஆள் வராது என்பது என் கருத்து. ஒப்பனைக்குச் செலவழித்த நண்பர்கள்தாம் ஒப்பவில்லை. 2009இல் திரையரங்குகளுக்கு வந்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்ற ஆங்கிலப் பேய்ப்படத்தின் முன்னோட்டம், இருட்டில் படம் பார்த்து அலறும் ரசிகர்களின் முகங்களைக் காட்டியே ஆவலைத் தூண்டியது.

மழை நின்றபின் அதிர்ச்சி ஒலிக்கு முன்னர் எவ்வளவு அமைதி விடலாம்? 3 வினாடி போதவில்லை. 6 வினாடி விட்டால், கைபேசியில் பார்ப்பவர் ஒலி போய்விட்டதென்று திரையைத் தட்டுகிறார். ஒலித்தொகுப்பில் பழக்கமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.