மணிக் கம்பியை எடுத்தது யார்? ஆங்கில வகுப்பில் துப்பறிந்த அனுபவங்கள்

சாக்பீஸ் டீச்சர்:

தேனி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, 38 பேர். எங்கள் பள்ளியில் மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான். அதை அடிக்க ஓர் இரும்புக் கம்பி. போன ஆகஸ்டில் ஒரு நாள் அந்தக் கம்பியை எடுத்து என் பீரோவில் ஒளித்து வைத்தேன். தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் நிஜமாகவே தேட ஆரம்பித்துவிடுவார். அடுத்த பீரியடுக்கு உதவியாளர் ஒரு கருங்கல்லை வைத்து 'டொக் டொக்' என்று அடித்தார். பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது கரும்பலகையில் ஒரே வரி எழுதினேன்: 'த பெல் ராட் இஸ் மிஸ்ஸிங்.'

சந்தேகப்பட நான்கு பேர். பழைய இரும்புக்காரர், ஐஸ் வண்டிக்காரர், டீக்கடைக்காரர், சுதந்திர தின விழாவுக்கு மைக் செட் கட்ட வந்தவர். எல்லாரும் கற்பனை ஆட்கள். 20 துண்டுச் சீட்டுகளில் சீட்டுக்கொரு சாட்சியம் எழுதி ஆறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு குழுவின் சீட்டை இன்னொரு குழு பார்க்கக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். விளையாட்டின் உயிரே இந்த விதியில் இருக்கிறது. எல்லாச் சீட்டையும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டால், நன்றாகப் படிக்கிற ஒருத்தி அஞ்சு நிமிஷத்தில் விடை சொல்லிவிடுவாள், மற்ற 37 பேரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

"மிஸ், தமிழ்ல சொல்லலாமா?" என்று உடனே கேள்வி வந்தது. அதற்கும் தயாராக இருந்தேன். வகுப்பிலேயே வாய் திறக்காத பையன் ஒருவனை இன்ஸ்பெக்டராக உட்கார வைத்திருந்தேன். கதைப்படி அந்த இன்ஸ்பெக்டர் லண்டனிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. யாராவது தமிழில் சொன்னால் 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த ஒரே வாக்கியத்தை அன்றைக்கு அவன் முப்பது தடவையாவது சொல்லியிருப்பான். கடைசியில் குரலே மாறி, காலைக் கால்மேல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

முதல் கால் மணி நேரம் சந்தைக்கடைதான். குழுவுக்குள் எல்லாரும் தமிழில்தான் பேசினார்கள். நான் தடுக்கவில்லை. தமிழில் யோசித்தால் என்ன, இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நிற்கும்போது ஆங்கிலம் வந்தால் போதும்.

அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஒரு சீட்டில், மழை தொடங்கியபோது வாட்ச்மேன் கேட்டைப் பூட்டியிருந்தார் என்று இருந்தது, 'ஹேட் லாக்ட்'. இன்னொரு சீட்டில், இரும்புக்காரர் மழை தொடங்கிய பிறகுதான் தெருவுக்குள் வந்தார் என்று இருந்தது. ஐந்து குழுக்கள் அந்த 'ஹேட்'டைக் கண்டுகொள்ளவே இல்லை. இரும்புக்காரர் என்றாலே திருடன் என்று முடிவுகட்டி அவரைக் கைது செய்யச் சொன்னார்கள். அப்போது மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்து, "மிஸ், பூட்டினாரா, பூட்டியிருந்தாரா?" என்று கேட்டாள். பூட்டியிருந்தால் அவர் உள்ளே வந்திருக்கவே முடியாதே!

ஜூன் மாதம் இதே இலக்கணத்தை, நான் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் ரயில் போயிருந்தது என்று உதாரணம் சொல்லி நடத்தினேன். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த ரயில் போனால் அவர்களுக்கென்ன, இருந்தால் என்ன.

இன்னொன்று. ஒரு பையன் இன்ஸ்பெக்டரிடம் போய், 'ஹீ ஷுட் ஹேவ் டேக்கன் த ராட்' என்றான். அவன் நினைத்தது 'அவர்தான் எடுத்திருக்க வேண்டும்'. தமிழில் அந்த ஒரே வாக்கியம் இரண்டு வேலை செய்கிறது. அவர்தான் எடுத்தார் என்ற ஊகமாகவும் இருக்கலாம், எடுக்க வேண்டியவர் எடுக்காமல் போய்விட்டார் என்ற குறையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'மஸ்ட் ஹேவ்', இரண்டாவதற்கு 'ஷுட் ஹேவ்'. இவன் சொன்னபடி பார்த்தால் குற்றவாளி கம்பியைத் தொடவே இல்லை! இதைச் சொன்னதும் எதிர்க்குழு, "அப்ப அவர் நிரபராதி மிஸ்" என்று பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் வாக்குவாதம். பதினைந்து வருட அனுபவத்தில் 'மஸ்ட் ஹேவ்', 'ஷுட் ஹேவ்' வித்தியாசத்துக்காக வகுப்பில் சண்டை நடந்து நான் பார்த்ததில்லை.

விடை: மைக் செட்காரர். அவரும் திருடவில்லை. எர்த் அடிக்கக் கம்பி இல்லாமல் நம் கம்பியை எடுத்து மண்ணில் அறைந்துவிட்டு, விழா முடிந்ததும் மறந்துபோய்விட்டார்.

உங்கள் வகுப்பில் இந்த மாதிரி ஏதாவது செய்திருந்தால் எழுதுங்கள். சொதப்பியதையும் சேர்த்து.

கடைசி பெஞ்ச்:

டீச்சர், இருபது சீட்டு எழுத எனக்குப் பொறுமை கிடையாது. நான் மாலை நேர டியூஷனில் செய்வது சீட்டே இல்லாத ஆட்டம். 'அலிபை' என்று ஆங்கில ஆசிரியர்களிடையே பழைய விளையாட்டு. அந்தச் சொல்லுக்கு லத்தீனில் 'வேறோர் இடத்தில்' என்று பொருள், பிள்ளைகளுக்குச் சொன்னால் பிடிக்கும். நேற்று மாலை 6 மணிக்கும் 9 மணிக்கும் நடுவே ஒரு திருட்டு நடந்துவிட்டது. சந்தேகம் இரண்டு பேர் மேல். அவர்கள் வெளியே போய் ஐந்து நிமிஷத்தில், 'நாங்கள் அப்போது சேர்ந்து இன்ன இடத்தில் இருந்தோம்' என்று கதை ஜோடிக்க வேண்டும். அதே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் கேள்விகள் தயாரிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே அழைத்து விசாரணை. இரண்டு பேர் சொல்வதிலும் மூன்று முரண்பாடு கண்டுபிடித்தால் கைது.

எங்கள் பையன்கள் இரண்டு பேர் பரோட்டா சாப்பிடப் போனதாகச் சொன்னார்கள். முதலாமவன் கெட்டிக்காரன். எத்தனை பரோட்டா, யார் காசு கொடுத்தது, எல்லாவற்றையும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் ஒருத்தி, 'வாட் வாஸ் த பரோட்டா மாஸ்டர் வேரிங்?' என்று கேட்டாள். முதலாமவன் பனியன் என்றான். இரண்டாமவன் வந்து, கொஞ்சம் யோசித்து, 'ஒன்லி லுங்கி' என்றான். வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது.

இதில் நான் கவனித்தது: வழக்கமாக எங்களிடம் 'டிட் யூ வென்ட்' வியாதி உண்டு. விசாரணையில் அதை யாரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. ஆனால் கேள்வி தெளிவாக இல்லாவிட்டால் எதிராளி 'வாட்? வாட்?' என்று நழுவிவிடுகிறான். அதனால் கேட்பவர்களே ஒருவருக்கொருவர் கிசுகிசுத்துக் கேள்வியைச் சரி செய்து கொண்டு வருகிறார்கள். நான் சிவப்புப் பேனாவால் நூறு தடவை சுழித்தும் வராத அக்கறை இது.

ஊதா மை:

நான் செய்தது கடையில் பெட்டியோடு கிடைக்கும் க்ளூடோ, கொலை செய்தது யார், எந்த ஆயுதத்தால், எந்த அறையில் என்று கண்டுபிடிக்கும் பலகை விளையாட்டு. பர்மிங்காம்காரர் ஆண்டனி பிராட் கண்டுபிடித்து, 1949இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஆட்டம். ஆறு ஆட்கள், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள். பெருக்கினால் 324 விதமான விடை. கணக்கு டீச்சருக்கு இதில் ரொம்ப சந்தோஷம். எனக்குத்தான் ஏமாற்றம். ஆட்டம் முழுக்க எல்லாரும் ஒரே வாக்கியத்தில் பெயரை மட்டும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறைகளில் ஒன்றான 'கன்சர்வேட்டரி' (செடிகள் வைக்கும் கண்ணாடி அறை) என்றால் என்ன என்று எனக்கே படம் காட்ட வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் பலகையை எங்கள் ஊர் வீடாக மாற்றினோம். திண்ணை, முற்றம், கிணற்றடி, மாட்டுக் கொட்டகை, பரண். ஆயுதங்கள்: அம்மிக்குழவி, அரிவாள்மனை, உலக்கை, தேங்காய் துருவி, விளக்குமாறு (இது சும்மா, சிரிப்புக்காக), தாம்புக் கயிறு. ஒரே ஒரு விதி சேர்த்தேன்: பொருளின் தமிழ்ப் பெயரைச் சொல்லக் கூடாது. அம்மிக்குழவிக்கு ஆங்கிலத்தில் என்ன? யாருக்கும் தெரியவில்லை. அகராதியை எடுக்க விடவில்லை. ஒரு பையன் கையால் அரைப்பதுபோல் காட்டி, 'த ஸ்டோன் விச் மை பாட்டி யூசஸ் ஃபார் சட்னி' என்றான். பாட்டியை மன்னித்துவிட்டேன். 'விச்' போட்டு இரண்டு வாக்கியங்களை இணைப்பதுதான் அந்த மாதப் பாடம், நான் இன்னும் அதை நடத்தவே இல்லை. அரிவாள்மனைக்கு, 'த நைஃப் தட் சிட்ஸ் டவுன்' என்றாள் ஒரு பெண். இதைவிட நல்ல வர்ணனை எனக்கு வராது.

பெயர் வேண்டாம்:

எல்லாரும் நன்றாக நடந்ததை எழுதுகிறீர்கள். நான் நடந்த தப்பை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு. பர்ஸ் திருட்டுப் போனது என்று ஒரு வழக்கு எழுதினேன். குலுக்கல் முறையில்தான் பாத்திரங்களைக் கொடுத்தேன். திருடன் சீட்டு ஒரு பையனுக்குப் போனது. போன வருடம் வகுப்பில் நூறு ரூபாய் காணாமல் போனபோது எல்லாரும் அவன் பையைத்தான் முதலில் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள், பணம் வேறோர் இடத்தில் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கு நான் புதிது, எனக்குத் தெரியாது. விசாரணை தொடங்கியதும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சீட்டைப் படித்தான், மேஜை மேல் வைத்தான், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று போனவன் அந்தப் பீரியட் முழுக்க வரவில்லை.

அடுத்த நாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றான், வேறெதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் மாணவர்களில் யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. குற்றவாளி எப்போதும் கதையில் வருகிற ஆள், அல்லது ஒரு குரங்கு, அல்லது நான். சாக்பீஸ் டீச்சரின் மைக் செட்காரர் திருடவில்லை, மறந்தார் என்பதைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. அதோடு இரும்புக்காரர் என்றாலே திருடன் என்று ஐந்து குழு சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள் டீச்சர். அந்த வகுப்பில் இரும்புக்காரர் பிள்ளை யாராவது இருந்திருந்தால்?

வாவிக்கரை:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். நான் தரம் 10 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை வருவதால் விளையாட்டுக்கு நேரம் குறைவு, கிழமையில் ஒரு பாடவேளைதான்.

எங்கள் வகுப்பில் சிக்கியது ஒரு சின்ன 'ஆம்'. சாட்சி சொல்ல வந்த பிள்ளை, 'ஹீ வென்ட் டு த ஜெட்டி' என்றாள். நீ கண்டனியா என்று ஆங்கிலத்தில் கேட்டால், இல்லையாம், மாமி சொன்னவவாம். தமிழில் அவள் மனதுக்குள் 'போனவராம்' என்றுதான் நினைத்திருக்கிறாள். ஆங்கிலத்துக்கு வரும்போது அந்த 'ஆம்' உதிர்ந்துபோய்விட்டது. கண்டதும் கேட்டதும் ஒன்றாகிவிட்டன. வழக்கு முழுவதும் பிழையாகப் போச்சு.

அன்றிலிருந்து கரும்பலகையில் இரண்டு பெட்டி போடுவோம், கண்டது, கேட்டது. கேட்ட பெட்டிக்குப் போக வேண்டுமென்றால் 'ஐ ஹேர்ட் தட்' அல்லது 'பீப்பிள் சே' என்று தொடங்க வேண்டும். பிள்ளைகள் இப்போது வீட்டிலும் இதைச் செய்கிறார்களாம், ஊர்க்கதை கதைக்கிற ஆட்களிடம் 'கண்டனீங்களா, கேட்டனீங்களா' என்று கேட்டு ஏச்சு வாங்குகிறார்களாம். (இந்த 'ஆம்' பெற்றோர் கூட்டத்தில் கேட்டது.)

போர்ஷன் பயம்:

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பீரியட் 45 நிமிஷம், பக்கத்து வகுப்பு சார் சத்தம் என்று வந்து நிற்பார், மாதத் தேர்வுக்குப் போர்ஷன் யார் முடிப்பது? கேட்பதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

சாக்பீஸ் டீச்சர்:

போர்ஷன் சார், மாதம் ஒரே ஒரு வழக்குதான், அதுவும் இரண்டு பீரியட். அந்த மாதத்து இலக்கணம் எதுவோ அதில்தான் முடிச்சு இருக்கும். தனியாக இலக்கணம் நடத்தும் இரண்டு பீரியட் அதில் கழிந்துவிடும். அடுத்த நாள், இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதம். கடிதம் எழுதுவது எப்படியும் பாடத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு இன்னும் சுலபம், அவர்கள் புத்தகத்திலேயே ஷெர்லாக் ஹோம்ஸ் சாகப்போவதுபோல் நடிக்கும் நாடகம் ஒன்று இருக்கிறது. வாட்சனை ஏன் பக்கத்தில் வரவிடவில்லை என்பதை நான் சொல்லவே மாட்டேன், அவர்களே வாதாடட்டும். மதிப்பெண் ஏறியதா என்றால், ஒருசிலருக்கு ஏறியது, பலருக்கு அப்படியே இருக்கிறது. பொய் சொல்ல விரும்பவில்லை. சத்தத்துக்கு வேப்பமரத்தடி இருக்கிறது.

பெயர் வேண்டாம் சார், நீங்கள் கேட்டது என்னைக் குத்தியது. பழைய பதிவேட்டைப் பார்த்தேன். எங்கள் வகுப்பில் இல்லை, ஆனால் ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா தள்ளுவண்டியில் பழைய இரும்பு வாங்குகிறவர். இனிமேல் அந்தச் சீட்டுகளில் அவர் சாட்சியாக வருவார், அதுவும் உண்மையைச் சொல்லும் சாட்சியாக.

போன வாரம் பிள்ளைகளே ஒரு வழக்கு எழுதிக்கொண்டு வந்தார்கள். சத்துணவுக் கூடத்து சாம்பார் கரண்டி காணவில்லை. சந்தேகப் பட்டியலில் மூன்றாவது பெயர் 'ஆங்கில மிஸ்'. அந்த லண்டன் இன்ஸ்பெக்டர் இப்போது நிஜமாகவே கேள்வி கேட்கிறான். 'வேர் வேர் யூ அட் ட்வெல்வ் தர்ட்டி, மிஸ்?' என்றான். ஸ்டாஃப் ரூமில் திருத்திக்கொண்டிருந்தேன் என்றேன். எத்தனை நோட்டு என்றான். முப்பத்தெட்டு என்றேன். அன்றைக்கு மூன்று பேர் லீவு மிஸ் என்று பின்னாலிருந்து ஒரு குரல்.